மிஸ்ஸி வாங்கிய கையெழுத்துகள்

"இதனால உங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல" என்றுதான் மிஸ்ஸி எப்போதும் ஆரம்பிப்பார்.

மறுநாள் காலையில் வயிற்றைக் கிழிக்கப் போகிறார்கள். கையில் ஊசி, மூக்கில் குழாய், கட்டிலைச் சுற்றி அழுத முகத்தோடு பிள்ளைகள். அந்த நேரத்தில் ஒருவர் கோப்போடு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இப்படிச் சொன்னால் எவன் கையெழுத்துப் போடுவான் என்று நான் நினைத்தேன். பத்துப் பேரில் ஒன்பது பேர் போட்டார்கள். பத்தாவது ஆள் பெரும்பாலும் மயக்கத்தில் இருப்பார்.

எங்கள் பக்கத்தில் தாதியரை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். இவருக்குப் பெயர் உண்டு, சட்டையில் குத்தியும் இருந்தது, யாரும் படித்ததில்லை. திகாம் பத்து என்ற ஊர்க்காரர். அரசு மருத்துவமனையில் ஓய்வு பெறும் வரை இருந்துவிட்டு, சும்மா இருக்கப் பிடிக்காமல் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "யாரும் கேக்கல" என்றார். அதில் வருத்தம் இருந்ததா என்று முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

என் அப்பாவின் விஷயத்தில் இந்த மனுஷி ஒன்றரை ஆண்டு வாயைத் திறக்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு வெகுநாள் இருந்தது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன், ஆனால் அதற்கு முன் அவர் எப்படிப்பட்டவர் என்று தெரிய வேண்டும்.

சுங்கை பட்டாணியில் இருந்த எங்கள் கூடத்தில் குடல், இரைப்பைப் புற்றுநோய்களை ஆராய்ந்தோம். கட்டியில் இருக்கும் எல்லாச் செல்லும் ஒரே ரகம் இல்லை. பெரும்பாலானவை மருந்து பட்டால் செத்துப்போகும். சில மட்டும் சாகாமல் பதுங்கியிருந்து, ஆள் பிழைத்துவிட்டான் என்று எல்லோரும் பிரியாணி போட்ட பிறகு மறுபடி பெருகும். அவற்றைத்தான் ஸ்டெம் செல் என்கிறார்கள், தமிழில் குருத்தணு. எது அந்த ரகம் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அவற்றின் மேல்தோலில் சில புரதங்கள் அடையாளம்போல் ஒட்டிக்கொண்டிருக்கும், அதற்கு மார்க்கர் என்று பெயர். சாயத்தைப் போட்டு விளக்கில் வைத்தால் அது இருக்கிற செல் மட்டும் பச்சையாக மின்னும். பேராசிரியரின் வேலை இதைப் பற்றிக் கட்டுரை எழுதுவது. என் வேலை, அறுவை அறையிலிருந்து வரும் துண்டைத் தட்டில் வைத்துக் காப்பாற்றி வளர்ப்பது. துண்டின் சொந்தக்காரரிடம் போய் அனுமதி வாங்குவது மிஸ்ஸியின் வேலை.

ஒப்புதல் படிவம் மலாயிலும் ஆங்கிலத்திலும் ஐந்து பக்கம். அதை மிஸ்ஸி தமிழில் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிப்பார். டவுனில் நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருந்த பாய் ஒருவர் இரைப்பைக் கட்டியோடு வந்திருந்தார்.

"இதனால உங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல, பாய்."

"அப்புறம் எதுக்கு மிஸ்ஸி?"

"பின்னால வர்றவங்களுக்கு உதவலாம்."

"உதவுமா?"

"தெரியாது."

"டாக்டருக்காவது தெரியுமா?"

"அவருக்கும் தெரியாது. அதான் கேக்குறாரு."

"நாப்பது வருஷமா கடையில வர்றவன்லாம் இன்னிக்கு மீன் ஃப்ரெஷ்ஷான்னு கேப்பான். நானும் ஃப்ரெஷ்ஷுன்னுதான் சொல்லியிருக்கேன். கொடுங்க பேனாவ" என்றார் பாய்.

படிவத்தின் கடைசியில் ஒரு கட்டம் உண்டு. நோயாளி என்ன புரிந்துகொண்டார் என்பதை அவருடைய சொற்களிலேயே எழுத வேண்டும். எல்லா ஊரிலும் அந்தக் கட்டத்தில் 'ஆய்வின் நோக்கம் புரிந்தது' என்று ஒரே வரியை எழுதிவிட்டு டீ குடிக்கப் போவார்கள். மிஸ்ஸிக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. அவர்கள் சொன்னதை எழுத்து மாறாமல் எழுதுவார்.

கோலா கெத்தில் ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் களைக்கு மருந்து அடிக்கும் வேலை பார்த்த அம்மா ஒருவர் வந்தார். அவரிடம் மிஸ்ஸி, "லாலான் தெரியும்ல?" என்று கேட்டார். தோட்டத்தில் இருந்தவரிடம் லாலான் புல்லைத் தெரியுமா என்று கேட்பது, கொசுவைத் தெரியுமா என்று கேட்பதைப்போல. "மேல வெட்டுனா போவாது. அடியில கெழங்கு இருக்கும். ஒங்க கட்டியிலயும் அந்த மாதிரி ஒண்ணு இருக்கா, அது எதுன்னு பாக்குறாங்க" என்றார். அந்த அம்மா தலையை ஆட்டிவிட்டு ஏதோ சொல்ல, மிஸ்ஸி கட்டத்தில் எழுதினார்: 'லாலான் மாதிரியாம். இருவது வருஷம் அடிச்ச எனக்கே அது போவல. இவங்க பாவம் படிச்சவங்க, என்னா செய்வாங்க. ஒரு துண்டு எடுத்துக்கட்டும்.'

ஆய்வுகளுக்கு அனுமதி கொடுக்கும் நெறிமுறைக் குழு இதற்கு மொழிபெயர்ப்பு கேட்டது. பினாங்கிலிருந்து வரும் எங்கள் பேராசிரியர், தமிழர்தான், படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"மிஸ்ஸி, கொஞ்சம் நாகரிகமா எழுதக்கூடாதா?"

"அவங்க சொன்னது அதுதான் டாக்டர்."

"சுருக்கியாவது..."

"சுருக்கித்தான் சொன்னாங்க."

மிஸ்ஸியிடம் வேறு ஒரு விதியும் இருந்தது. கட்டில் பக்கம் உட்கார்ந்ததும் முதலில், "ஒங்களுக்கு என்னா வியாதின்னு தெரியுமா?" என்று கேட்பார். நம் குடும்பங்களில் நோயாளிக்கு மட்டும் நோயின் பெயரைச் சொல்ல மாட்டோம். தெருவுக்கே தெரியும், பாசார் சந்தையில் மீன்காரனுக்குத் தெரியும், படுத்திருப்பவருக்குத் தெரியாது. அவரிடம் புண் என்போம், கட்டி என்போம், சூடு என்போம். 'புண்ணுன்னாங்க' என்று நோயாளி சொன்னால் மிஸ்ஸி கோப்பை மூடிவிடுவார். மழை எப்படி, பிள்ளைகள் எத்தனை என்று இரண்டு வார்த்தை பேசிவிட்டு வந்துவிடுவார். தனக்கு என்ன என்று தெரியாதவரிடம் அனுமதி வாங்கினால் அது அனுமதி இல்லை என்பது அவர் கட்சி. இப்படியே எத்தனை நல்ல துண்டுகள் போயின என்று பேராசிரியர் தலையில் அடித்துக்கொள்வார். நானும் சேர்ந்து அடித்துக்கொண்டிருக்கிறேன், துண்டு வராவிட்டால் எனக்கு வேலையில்லை.

நேர்மையான ஆள் என்று ஊரில் பெயர் எடுத்துவிட்டால் அதற்கும் விலை உண்டு. திகாம் பத்துவில் அவருடைய தேவாலயத்துக்காரர் ஒருவர் நேரடி விற்பனையில் இறங்கியிருந்தார். சரக்கு, ஸ்டெம் செல் பொடி. ஒரு பாக்கெட்டைத் தண்ணீரில் கலக்கிக் குடித்தால் முட்டிவலியிலிருந்து புற்றுநோய் வரைக்கும் போகுமாம். மண்டபம் பிடித்து, நாற்காலி போட்டு, ஸ்டெம் செல் ஆய்விலேயே வேலை பார்க்கும் மிஸ்ஸியைச் சிறப்பு விருந்தினராக உட்கார வைத்தார். பொன்னாடை போர்த்தி, ஒலிபெருக்கியைக் கையில் கொடுத்து, "மிஸ்ஸி, ஸ்டெம் செல்லப் பத்தி ரெண்டு வார்த்த" என்றார்.

"நாங்க பாக்குற ஸ்டெம் செல்லு, கேன்சர் திரும்ப வர்றதுக்குக் காரணமா இருக்கலாம்னு சொல்றாங்க" என்றார் மிஸ்ஸி.

"அது வேற, இது வேற, இல்லையா மிஸ்ஸி?" என்று விற்பனைக்காரர் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தார்.

"இதுல என்னா இருக்குன்னு எனக்குத் தெரியாது. ஒங்களுக்குத் தெரியுமா?"

அன்றைக்கு ஒரு டப்பாகூட விற்கவில்லை. பொன்னாடையைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். மிஸ்ஸி அதை என்னிடம் சொன்னபோது, துணி நல்ல துணி என்று மட்டும் சேர்த்துக்கொண்டார்.

இனி அப்பா.

அப்பா எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டியவர். அம்மா போன பிறகு கோலா கெத்தில் வீட்டில் நானும் அவரும்தான். ஜோகூரில் இருக்கும் அக்கா தொலைபேசியில் குடும்பம் நடத்துவாள். அப்பாவுக்குப் பெருங்குடலில் கட்டி என்று தெரிந்த அன்று அக்கா முதலில் சொன்னது, "அப்பாகிட்ட சொல்லிடாதடா." நானும் சரி என்றேன். நாள் முழுக்கப் புற்றுநோய்ச் செல்லோடு குடும்பம் நடத்துகிறவன், வீட்டுக்கு வந்து சொந்த அப்பாவிடம், "குடல்ல சின்னப் புண்ணுப்பா, வெட்டி எடுத்துட்டா சக்கிட், வலியெல்லாம் போயிடும்" என்றேன். அப்பா, "அப்படியா, சரி" என்றார். என் வேலை என்ன என்றும் அவருக்கு ஒழுங்காகச் சொன்னதில்லை. ரத்தம் பார்க்கிற வேலை என்று சொல்லி வைத்திருந்தேன். புற்றுநோய் என்ற சொல்லை வீட்டுக்குள் கொண்டுவர எனக்குப் பயம்.

அறுவைக்கு முந்தின நாள் மிஸ்ஸியின் பட்டியலில் அப்பாவின் பெயர் இருந்தது. நான் ஓடிப்போய் அவரை நடைபாதையில் மறித்தேன்.

"மிஸ்ஸி, அப்பாவுக்குத் தெரியாது. விட்டுடுங்க."

"பட்டியல்ல பேரு இருக்கு தம்பி. போயி கேக்கணும். தெரியலன்னா வந்துடுவேன்."

"அந்த வியாதி பேர மட்டும் சொல்லிடாதீங்க."

"நான் எதுக்குச் சொல்றேன்?"

நான் வெளியே நின்றேன். கால் மணி நேரம் ஆயிற்று. மழையையும் பிள்ளைகளையும் பற்றிப் பேச அவ்வளவு நேரம் ஆகாது என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. கோப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தார்.

"சொல்லிட்டீங்களா மிஸ்ஸி?"

"நான் ஒண்ணும் சொல்லல."

அப்பாடா என்று இருந்தது. அந்த வாரம் லீவு போட்டு அப்பாவோடு மருத்துவமனையில் இருந்தேன். ஆய்வுக்கூடத்துக்கு வந்த துண்டுகளைக் கூட வேலை பார்க்கும் மலாய்ப் பெண் வாங்கி வைத்தாள். துண்டுகளுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். பெயர் இருக்கும் தாளில் எண் இருக்காது. இரண்டையும் சேர்க்கும் நோட்டு மிஸ்ஸியின் அலமாரியில் பூட்டிக் கிடக்கும்.

அதன் பிறகு ஒன்றரை ஆண்டு நாங்கள் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தோம். கீமோவுக்கு அழைத்துப் போகும்போது 'சத்து ட்ரிப்' என்றேன். அந்த வார்டு வாசலில் ஒன்கோலோகி, அதாவது புற்றுநோய்ப் பிரிவு, என்று ஆளுயர எழுத்தில் பலகை இருக்கும். குரூணிலிருந்து ஜோகூர் வரைக்கும் ஒரு சாலைப் பலகை விடாமல் படித்தே லாரி ஓட்டிய மனிதர், அந்தப் பலகைக்குக் கீழே உட்கார்ந்து, "கண்ணாடிய வீட்டுல வச்சிட்டேன் தம்பி, இது என்னா ஆபீசு?" என்று கேட்டார். "பொது வார்டுப்பா" என்றேன். நம்பிவிட்டார் என்று நினைத்தேன். எனக்குப் படிப்பு இருந்த அளவுக்குப் புத்தி இல்லை.

ஸ்கேன் தாள்களை மோட்டார் சைக்கிள் சீட்டுக்கு அடியில் வைத்துப் பூட்டுவேன். ஈரலுக்குப் பரவிவிட்டது என்று தெரிந்த அன்று அதற்கு மேலே மழைக்கோட்டையும் போட்டுப் பூட்டினேன். இன்னும் சில மாதங்கள் என்றார் டாக்டர். சாப்பிடும்போது அப்பாவின் முகத்தைப் பார்த்துப் பேசுவதை விட்டுவிட்டேன். அவரிடம் சொல்லவும் கேட்கவும் எனக்கு நூறு இருந்தது. எங்கே தொட்டாலும் அந்த நோயின் பெயரில் போய் முடியும் என்று கால்பந்தைப் பற்றிப் பேசினேன். எனக்குக் கால்பந்து பிடிக்காது. அவருக்கும் பிடிக்காது.

அந்தச் சமயத்தில் மிஸ்ஸி வேலையை விட்டு யான் என்ற கடலோர ஊரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். நெறிமுறைக் குழு பழைய படிவங்களைப் பார்க்க வந்தது. புதிதாக வந்த தாதிக்குத் தமிழ் தெரியாது, அதனால் கட்டத்தில் இருக்கும் தமிழை எல்லாம் மலாயில் சொல்ல என்னை உட்கார வைத்தார்கள். லாலான் அம்மாவைப் படித்துச் சிரித்தேன். பாயைப் படித்தேன். அடுத்த தாளில் அப்பாவின் பெயர் இருந்தது.

மிஸ்ஸியின் உருண்டைக் கையெழுத்து. 'எனக்குக் குடல்ல கேன்சர். மொத நாளே சின்ன டாக்டர் மலாய்ல சொல்லிட்டாரு. எனக்குத் தெரியும்னு என் பையனுக்குத் தெரிய வேணாம். அவன் இந்த வேலைதான் பாக்குறான், சொல்ல மாட்டேங்குறான். தெரிஞ்சா அவனுக்கு வேலையில மனசு நிக்காது. துண்டு எடுத்துக்குங்க. இதனால எனக்கு ஒண்ணும் இல்லன்னு மிஸ்ஸி சொன்னாங்க. அவனுக்கு இருக்கும்.' கீழே, லாரிச் சீட்டுகளில் போடும் அதே கோணல் கையெழுத்து.

"இதுல என்ன எழுதியிருக்கு?" என்று புதிய தாதி மலாயில் கேட்டாள். "ஆய்வின் நோக்கம் புரிந்தது" என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

மோட்டாரை எடுத்துக்கொண்டு நேராக யானுக்குப் போனேன். மிஸ்ஸி வாசலில் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே கத்தினேன்.

"ஏன் மிஸ்ஸி என்கிட்ட சொல்லல?"

"நீ சொல்லாதீங்கன்னு சொன்ன. அவரும் சொல்லாதீங்கன்னு சொன்னாரு. ரெண்டு பேருகிட்டயும் சொல்லல."

"நான் கேட்டிருந்தா?"

"அவருகிட்டயே கேளுன்னு சொல்லியிருப்பேன். நீ கேக்கல."

"ஒன்றரை வருஷம் போச்சு மிஸ்ஸி!"

"போச்சு" என்றார். மறுக்கவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. நான் அப்படியே சிமெண்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர்மேல் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. அதில் பாதிக்குமேல் என்மேல் என்று தெரிந்ததால் இன்னும் கோபம் வந்தது. அவர் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்து முடிக்கும் வரை நின்றார்.

"மணி என்னா தம்பி?"

"மூணு."

"இப்ப கெளம்புனா அஞ்சுக்குள்ள கோலா கெத்தில் போயிடலாம். மழ வர்ற மாதிரி இருக்கு."

அப்பா முன்னறையில் சாய்வு நாற்காலியில் இருந்தார். வயிறு மட்டும் பெரிதாகி, கைகால் மெலிந்திருந்தது. "அந்த ஃபாரத்தப் படிச்சிட்டேன்பா" என்றேன்.

அவர் தொலைக்காட்சியை அணைத்தார். "மிஸ்ஸி சொன்னாங்களா?"

"இல்ல."

"சொல்ல மாட்டாங்க." பிறகு, "ஒக்காரு. நீ அங்க என்னாதான் வேல பாக்குற? இன்னிக்காவது ஒழுங்கா சொல்லு" என்றார்.

சொன்னேன். ஸ்டெம் செல், மார்க்கர், பச்சை விளக்கு எல்லாம் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அப்ப என் துண்டு இன்னும் அங்க உயிரோட இருக்கா?"

"வளந்திருந்தா இருக்கும்பா. எல்லாமே வளராது."

"வளந்திருக்கும்" என்றார், வயிற்றைத் தட்டிக்கொண்டு. "இங்க இந்த வளத்தி வளருது, அங்க வளராதா? அதுக்குச் சாப்பாடு யாரு போடுறா?"

"ரெண்டு நாளைக்கு ஒருவாட்டி சத்துத் தண்ணி மாத்தணும். நான்தான்."

"ஒன்றரை வருஷமாவா?"

"ஆமா."

"அடப்பாவி. இங்கயும் எனக்குக் கஞ்சி ஊத்துற, அங்கயும் ஊத்துறியா?" என்று சிரித்தார். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, நான் முதுகைத் தடவ வேண்டியிருந்தது.

"எது ஒங்களுதுன்னு எனக்குத் தெரியாதுப்பா."

"தெரிய வேணாம்லா. தெரிஞ்சா அதுக்கு மட்டும் கொஞ்சம் கூட ஊத்துவ."

அதற்குப் பிறகு நான்கு மாதம் பேசினோம். அவர் பயத்தைச் சொன்னார், அம்மாவைப் பற்றிச் சொன்னார், லாரியை யாருக்கு விற்க வேண்டும் என்றார். நான் என் பயத்தைச் சொன்னேன். கால்பந்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

அப்பா இறந்த மூன்றாம் நாள் மிஸ்ஸி யானிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தார். படத்தின் முன் நின்று சிலுவை போட்டுக்கொண்டு, என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வலி இருந்துச்சா?"

"கடைசி ரெண்டு நாள் இருந்துச்சு மிஸ்ஸி."

"ம்." மற்ற எல்லோரும் 'நிம்மதியா போயிட்டாரு' என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அவர் சொல்லவில்லை. வெகுநேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் யாரையும் அப்படிப் பிடித்து நான் பார்த்ததில்லை.

"தட்டுக்கெல்லாம் இப்ப யாரு தண்ணி மாத்துறா?"

"பதினாறு முடியட்டும்னு லீவு போட்டிருக்கேன்."

"அதக் கேக்கல தம்பி. யாரு மாத்துறா?"

கூட வேலை பார்த்த மலாய்ப் பெண்ணும் பிரசவத்துக்குப் போயிருந்தாள். புதிய தாதிக்குத் தட்டைத் திறக்கவே தெரியாது. யாரும் மாற்றவில்லை என்பதுதான் பதில்.

மறுநாள் காலையில் சவரம் செய்யாத முகத்தோடு கூடத்துக்குப் போனேன். பன்னிரண்டு தட்டுகள், பன்னிரண்டு எண்கள். தண்ணீர் மஞ்சளித்துப் போயிருந்தது. ஒவ்வொன்றாகப் பழையதை உறிஞ்சிவிட்டுப் புதியதை ஊற்றினேன், எல்லாவற்றுக்கும் ஒரே அளவு. தட்டு திறந்திருக்கும்போது அழக்கூடாது, கிருமி விழும். பன்னிரண்டையும் இளஞ்சூட்டுப் பெட்டிக்குள் வைத்துக் கதவைச் சாத்திய பிறகு அழுதேன்.